ஓநாயும் வண்ணத்துப்பூச்சியும்

(லூபஸ் என்னும் நோய் தோலில் தோன்றும் விதமும் அதற்குரிய சிகிச்சையும்)

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

நோய்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களைக் கேட்டால் சில வேளைகளில் வியப்பாக இருக்கும். அம்மை என்றார்கள், அக்கி என்றார்கள், புழுவெட்டு என்றார்கள், பொன்னுக்கு வீங்கி என்றார்கள். மேனாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். ஒரு தோல் நோய்க்கு அவர்கள் 'ஓநாய்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்! இலத்தீன் மொழியில் 'லூபஸ்' என்றால் ஓநாய் என்று பொருள். முகத்தை ஓநாய் கடித்துக் குதறியது போல் புண்ணாக்கும் நோய் என்பதால் இடைக்கால ஐரோப்பாவில் இப்பெயர் வழங்கலாயிற்று. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அறிவியல் மன்றத்திற்காக எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. "தேர்வுக்கு வராத பாடத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்று சிலர் கேட்டனர். அதற்கான விடை பின்னால் வரும்.

தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிக் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குப் பாதியைக் கொடுத்த புனித மார்ட்டினை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய கல்லறை பிரான்சு நாட்டின் தூர் நகரில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்து ஆயர் ஒருவர் 'லூபஸ்' நோயால் வருந்தி அக்கல்லறையை நாடிச் சென்று நலம் பெற்றார் என்று ஒரு பழைய ஏடு கூறுகிறது. நோயின் பெயராக லூபஸ் என்ற சொல் வரும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்றாம். ஆயினும் அந்த ஆயருக்கு வந்தது நாம் இன்று லூபஸ் என்று கூறும் நோய்தானா என்று அறுதியிட்டுக் கூற முடியாது. அக்காலத்தில் முகத்தை அரிக்கும் எந்தப் புண்ணுக்கும், காசநோய்க் கிருமியால் வரும் தோல் புண்ணுக்கும்கூட, இதே பெயர்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. தோலில் வரும் காசநோய்க்கு 'லூபஸ் வல்காரிஸ்' என்று பெயர். டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் அந்நோயை ஒளிக்கதிர்களைப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். அதற்காக 1903-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் நாம் இங்கே பேசவிருக்கும் 'லூபஸ் எரிதிமட்டோசஸ்' நோயோ ஒளி பட்டாலே சீறி எழுவது! ஒரே பெயருடைய இரண்டு ஓநாய்களில் ஒன்று வெளிச்சத்தால் சாகிறது, மற்றொன்று வெளிச்சத்தால் வளர்கிறது.

'எரிதிமட்டோசஸ்' என்றால் சிவந்த என்று பொருள். 1851-இல் பாரிசு நகர மருத்துவர் கஸ்நாவ் இவ்வகைக்கு இப்பெயரை இட்டுப் பிரித்துக் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வியன்னாவில் ஹெப்ரா என்ற பேராசிரியர், கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் பரவும் தடிப்பை ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டிருந்தார். அவருடைய மருமகனாகிய கபோசி 1872-இல், இது தோலோடு நிற்கும் நோயன்று, காய்ச்சல், மூட்டுவலி முதலியவற்றோடு உடலின் உள்ளேயும் பாயக்கூடியது என்று எழுதினார். ஓநாய் என்ற பெயர் மருத்துவருக்கும், வண்ணத்துப்பூச்சி என்ற அடையாளம் நோயாளிகளுக்கும் என்று ஆகிவிட்டது. இன்று உலகெங்கும் லூபஸ் சங்கத்தார் தம் சின்னமாக வண்ணத்துப்பூச்சியையே வைத்திருக்கிறார்கள்.

சரி, உடலில் நடப்பது என்ன? நம் உடலுக்குள் கிருமிகள் நுழைந்தால் அவற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் எதிர்ப்பொருள்களைச் செய்கின்றன என்று பாடத்தில் படித்திருக்கிறோம். லூபஸ் நோயில் இந்தக் காவற்படைக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. வீட்டுக்காரரையே திருடன் என்று பிடிக்கும் காவற்காரனைப் போல, நம் சொந்தச் செல்களின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வையும் புரதங்களையும் எதிர்த்தே அது எதிர்ப்பொருள் செய்யத் தொடங்குகிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் தோலின் மேல் படும்போது மேல்தோல் செல்கள் சில இறக்கின்றன. நம் எல்லோருக்கும் இது நாள்தோறும் நடப்பதுதான். குப்பை கூட்டுவது போல் உடல் அவற்றை அகற்றிவிடும். லூபஸ் உள்ளவருக்கோ அந்தக் குப்பை சரியாக அகற்றப்படுவதில்லை. செல்லுக்குள் மறைந்திருந்த உட்கருப் பொருள்கள் வெளியே தெரிகின்றன. எதிர்ப்பொருள்கள் அவற்றைப் பற்றுகின்றன. அவ்விடத்தில் அழற்சி மூள்கிறது. வெயிலுக்கும் முகத்துக்கும் உள்ள தொடர்பு இதுவே.

ஆகவே இது கிருமியால் வருவதன்று. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டால் ஒட்டாது, ஒரே சோப்பையும் சீப்பையும் பயன்படுத்தினாலும் ஒட்டாது. இந்த ஒரு செய்தியை மட்டும் இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் வைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் 15 வயது முதல் 45 வயது வரை உள்ள பெண்களையே இது பெரிதும் தேடி வருகிறது. பெண்களுக்குரிய ஹார்மோன்களும், நம்மிடம் இரண்டாக உள்ள எக்ஸ் குரோமோசோம்களும் இதற்குக் காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பெண்கள் பள்ளி மலரில் எழுத இதைவிடப் பொருத்தமான நோய் எது?

இனித் தோலில் தெரியும் அடையாளங்களைக் காண்போம். மருத்துவர்கள் இவற்றை மூன்று பெரும் வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, திடீரென்று தோன்றும் வகை. வண்ணத்துப்பூச்சித் தடிப்பு இதில் அடங்கும். இரு கன்னங்களும் சிறகுகள், மூக்குத் தண்டு அதன் உடல். வெயிலில் நின்ற சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இது தோன்றும். நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் இருந்துவிட்டுத் தழும்பின்றி மறையும். இதைக் கண்டுகொள்ள ஓர் எளிய குறி உண்டு. நாம் சிரிக்கும்போது மூக்கின் ஓரத்திலிருந்து வாய் முனை வரை விழும் மடிப்பில் பெரும்பாலும் இத்தடிப்பு இராது. மூக்கின் நிழல் அந்த மடிப்பைக் காப்பாற்றுவதே காரணம் என்பர். இவ்வகைத் தடிப்பு உள்ளவர்களுக்கு உடலின் உள்ளேயும் நோய் இருப்பது வழக்கம். எனவே வண்ணத்துப்பூச்சி வந்து அமர்ந்தால் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிப்பது கட்டாயம்.

இரண்டாவது வகை, மெதுவாக எழுந்து பரவுவது. கழுத்தின் கீழ்ப்புறம், தோள், மேல்முதுகு, கைகளின் வெளிப்புறம் ஆகிய வெயில் படும் இடங்களில் வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து நடு தெளிந்து, செதில் உதிரத் தோன்றும். பார்த்தால் படர்தாமரை போலவே இருக்கும். படர்தாமரைக் களிம்பை மாதக்கணக்கில் தடவியும் ஆறாத வட்டங்களைக் கண்டால் சந்தேகிக்கவேண்டும். இவ்வகை தழும்பு விடாது. நிறமாற்றம் மட்டும் சில காலம் இருக்கும்.

மூன்றாவதுதான் மிகவும் துன்பம் தருவது என்பது எங்கள் கருத்து. இதற்கு 'டிஸ்காய்ட்' வகை என்று பெயர். தட்டு வடிவம் என்று பொருள். காசளவு வட்டமாகத் தடித்து, அதன் மேல் செதில் இறுக ஒட்டியிருக்கும். அந்தச் செதிலை மெல்ல உரித்தால் அடிப்புறத்தில் சிறு சிறு முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அவை மயிர்க்கால்களில் அடைத்துக்கொண்டிருந்த செதில்கள். (தோழியர் எவரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், மருத்துவர் பார்த்துக்கொள்வார்!) நாளடைவில் நடுப்பகுதி வெளுத்துக் குழிந்து தழும்பாகும், ஓரம் கருவளையமாக நிற்கும். முகம், உச்சந்தலை, காது மடலின் உட்குழிவு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். காதின் உட்குழிவை நாம் கண்ணாடியில் பார்ப்பதே இல்லை. மருத்துவரோ முதலில் அங்கேதான் பார்க்கிறார். தலையில் வந்தால் அவ்விடத்தில் மயிர்க்கால்களே அழிந்து, முடி திரும்பி முளைக்காது. நம் ஊரில் இதைப் புழுவெட்டு என்று எண்ணிச் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பார்கள். புழுவெட்டில் தோல் வழுவழுப்பாக இருக்கும், முடி பெரும்பாலும் திரும்பிவிடும்; இதிலோ செதிலும் தழும்பும் இருக்கும். வெங்காயம் தேய்த்துக் கழியும் ஒவ்வொரு மாதமும் மயிர்க்கால்கள் அழியும் மாதம். டிஸ்காய்ட் வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தோலோடு நின்றுவிடும் என்பது ஓர் ஆறுதல். சிறு பங்கினருக்கே பின்னர் உள்ளுறுப்புகளுக்குப் பரவும்.

இவை தவிர வேறு அடையாளங்களும் உண்டு. வாயின் மேலண்ணத்தில் புண் வரும். பல வேளைகளில் அது வலிப்பதே இல்லை, ஆதலால் இருப்பதே தெரியாது. நோய் கொதித்தெழும் காலத்தில் தலைமுடி முழுவதும் மெலிந்து கொத்துக் கொத்தாக உதிரும். நோய் தணிந்தபின் இது திரும்ப வளர்ந்துவிடும். குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல்கள் முதலில் வெளுத்து, பின் நீலித்து, பின் சிவக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் இது மிகுதியாகும். நகங்களின் அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிவதும் உண்டு.

இவ்விடத்தில் எங்கள் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பார்த்த புத்தகங்களில் வண்ணத்துப்பூச்சித் தடிப்பைக் காட்டும் படங்கள் யாவும் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களே. பாலில் குங்குமம் சிந்தியது போல் அவர்கள் கன்னத்தில் சிவப்புப் பளிச்சென்று தெரிகிறது. நம் மாநிறக் கன்னத்திலும் கறுத்த கன்னத்திலும் அது அவ்வாறு தெரியுமா? தெரியாது. நம் தோலில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, பல வேளைகளில் வெறும் கருமையாகவே தெரியும். "மங்கு விழுந்திருக்கிறது", "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாள்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நோய் கண்டறியப்படாமல் நாட்கள் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மங்கு அரிக்காது, தடிக்காது, செதில் விடாது. வெயிலில் சென்று வந்ததும் காய்ச்சலும் மூட்டுவலியும் தராது.

நாங்கள் இப்பொருளை எடுத்த காரணத்தை இனிச் சொல்லலாம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காளுக்கு இந்நோய் உண்டு. "என் பெயரைப் போடவேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள்" என்று அவரே இசைவு தந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவருடைய கன்னங்கள் கறுக்கத் தொடங்கின. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைத் தடவினார். பதினைந்து நாளில் முகம் தெளிந்தது, வீட்டில் மகிழ்ந்தார்கள். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாயிற்று. அதில் கலந்திருந்தது வீரியம் மிக்க ஸ்டீராய்டு என்பது பின்னர்தான் தெரிந்தது. பின் ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் படர்தாமரைக்கு மருந்து கொடுத்தார்கள். அதற்குள் உச்சந்தலையில் ரூபாய் அளவுக்கு முடி போயிற்று, காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார் "தொழுநோயாக இருக்குமோ?" என்று காதில் ஓதினார்கள். உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது இவருக்கு மட்டும் தனித் தம்ளரில் காப்பி வந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை.

இறுதியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் கன்னத்திலிருந்து சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதித்தார்கள். இரத்தத்தில் உட்கரு எதிர்ப்பொருள் சோதனையும் செய்தார்கள். (உடல் முழுவதும் பாயும் லூபஸ் உள்ள ஏறத்தாழ எல்லோருக்கும் இச்சோதனை நோயைக் காட்டும், ஆனால் நோயே இல்லாத சிலருக்கும் காட்டிவிடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது.) முதல் அடையாளம் தோன்றியதிலிருந்து நோயின் பெயர் தெரிய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. "எது மிகவும் வலித்தது அக்கா? ஊசியா, மூட்டா?" என்று நாங்கள் கேட்டோம். "அந்தத் தம்ளர்" என்றார்.

எங்கள் தோழிக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. "எனக்கும் வருமா?" என்பதே அது. பரம்பரைக் கூறு ஓரளவு உண்டென்பது உண்மையே. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையரில் ஒருத்திக்கு இந்நோய் வந்தாலும் மற்றவளுக்கு வராமல் போவதே மிகுதி. உடன்பிறந்த தங்கைக்கு வரும் வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு. இதைப் படித்த அன்று அவள் இரண்டு பங்கு சோறு உண்டாள்!

இனிச் சிகிச்சை. முதல் மருந்து நிழல்தான் என்றால் வியப்பாக இருக்கும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலைத் தவிர்த்தல், குடை, முழுக்கை ஆடை, இவற்றுடன் வெயில் காப்புக் களிம்பு. இக்களிம்பை நாம் பொட்டு வைப்பது போல் வைத்தால் பயனில்லை. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூசவேண்டும். மேகமூட்டமான நாளிலும் பூசவேண்டும். வெயிலையே தவிர்ப்பதால் வைட்டமின் 'டி' குறையும். அதை மாத்திரையாகக் கொடுப்பார்கள்.

தடிப்பின் மேல் தடவ ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள். மேலே சொன்ன கதையில் கெடுத்ததும் ஸ்டீராய்டு, இங்கே குணமாக்குவதும் ஸ்டீராய்டு. வேறுபாடு அளவிலும் காலத்திலும் இருக்கிறது. முகத்துத் தோல் மெல்லியது. அங்கே மென்மையான வகையைச் சில வாரங்கள் மட்டும் பூசலாம். உச்சந்தலையிலும் கையிலும் வீரியமானது வேண்டும். கணக்கின்றிப் பூசினால் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரிந்து, முகத்தில் முடியும் பருவும் முளைக்கும். முகத்தை வெளுப்பாக்கும் என்று கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் இது இருக்கிறது என்பதை நம் தாய்மார்கள் அறிதல் நலம். ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் என்ற களிம்பும் முகத்துக்கு உண்டு. தடித்த டிஸ்காய்ட் தட்டுகளுக்குள் நுண்ணிய ஊசியால் மருந்தைச் செலுத்துவதும் உண்டு.

உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளுள் தலையாயது ஹைட்ராக்சிகுளோரோகுயின். இதன் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. பெரு நாட்டு மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தீர்க்கும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவில் பரப்பினார்கள். 'இயேசு சபையார் பட்டை' என்றே அதற்குப் பெயர். 1860-களில் ஆங்கிலேயர் அம்மரத்தை நம் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. பட்டையிலிருந்து எடுத்த கொயினாவை 1894-இல் இலண்டன் மருத்துவர் பெயின் லூபஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் இரண்டாம் உலகப் போரில் மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் என்ற செயற்கை மருந்தை உண்ட படைவீரர் சிலரின் தோல் நோயும் மூட்டுவலியும் தணிந்தன. 1951-இல் பேஜ் என்ற ஆங்கில மருத்துவர் அதை லூபஸுக்குப் பயன்படுத்திக் கண்டதை வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. மரப்பட்டையில் தொடங்கிய வழி இது. ஆனால் இன்றைய மாத்திரை முழுவதும் ஆய்வுச்சாலையில் செய்யப்படுவது.

இம்மருந்து உடனே வேலை செய்யாது. இரண்டு மூன்று மாதம் ஆகும். "ஒரு மாதமாகத் தின்கிறேன், ஒன்றும் தெரியவில்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 225 மில்லிகிராம் உச்ச அளவு; எனவே 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். பல்லாண்டு உண்டால் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்திலும், ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு இம்மருந்து சரியாக வேலை செய்வதில்லையாம். 2020-இல் கொரோனா பரவியபோது இதே மாத்திரை அந்நோயைத் தீர்க்கும் என்ற பேச்சு எழுந்து, உலகெங்கும் கடைகளில் தீர்ந்துபோயிற்று. லூபஸ் நோயாளிகள் தங்கள் மாத்திரைக்கு அலைந்தார்கள். கொரோனாவுக்கு அது பயன்படாது என்று பின்னர் ஆய்வுகள் காட்டின.

இதற்கும் அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்சேட், அசத்தயோபிரின், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள் உள்ளன. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்பது. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. எனவே எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கம். 2011-இல் பெலிமுமாப், 2021-இல் அனிஃப்ரோலுமாப் என்ற ஊசி மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டாவது தோல் தடிப்பை நன்கு தணிக்கிறது. விலைதான் எட்டாத உயரம்.

நோய் உள்ளுறுப்புகளைத் தாக்கினால் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டியிருக்கும். இதைப்பற்றி எழுதும்போது ஓர் எழுத்தாளரை நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1925-இல் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி ஃபிளானரி ஓ'கானர். அவருடைய தந்தை 1941-இல் லூபஸ் நோயால் இறந்தார். மகளுக்கு அப்போது 15 வயது, எங்கள் வயது. 1950-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு வீடு திரும்பும் வழியில் அவரும் நோயுற்றார், அதே நோய். நல்ல வேளையாக அப்போதுதான் ஸ்டீராய்டு மருத்துவம் பிறந்திருந்தது. பன்றியின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அது உயிரைக் காத்தது; முகத்தையோ நிலாப் போல் உப்பச் செய்தது. முடி உதிர்ந்தது. இடுப்பு எலும்பு கெட்டு, 1955 முதல் ஊன்றுகோல்களில் நடந்தார். 1958-இல் லூர்து நகருக்கும் யாத்திரை சென்று வந்தார். மில்லெட்ஜ்வில் ஊரில் தாயின் பண்ணையில் மயில்கள் வளர்த்துக்கொண்டு, காலையில் சில மணி நேரம் மட்டும் எழுதி, இரண்டு நாவல்களும் புகழ்பெற்ற சிறுகதைகளும் படைத்தார். 1964-இல் 39-ஆம் வயதில் மறைந்தார். இன்று அதே நோய் வந்த பெண் ஒருத்தி முறையாக மருந்துண்டால் பேரப்பிள்ளைகளைக் காணும் வரை வாழ்வதற்கு நல்ல வாய்ப்புண்டு.

முகம் உப்புகிறதே என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். நாம் மேலே சொன்ன அக்காளும் ஒரு திருமணத்திற்குப் போவதற்காக அப்படி நிறுத்தி, பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். மாத்திரையாக ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்போது சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி "நமக்கு வேலையில்லை" என்று உறங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்தெழாது. மயக்கமும் வாந்தியும் வந்து உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். குறைத்தால் முகமும் பழைய வடிவுக்குத் திரும்பும்.

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: திருமணம், குழந்தை? இரண்டும் ஆகும். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் காலத்தில், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லித் திட்டமிட்டுக் குழந்தை பெறலாம். மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் போன்றவை கருவைப் பாதிக்கும் என்பதால் முன்னரே மாற்றவேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடரலாம், தொடரவும் வேண்டும். தாயின் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருள் இருந்தால் சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் வட்டத் தடிப்புகள் தோன்றும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தீரத் தீர, எட்டு மாதத்திற்குள் அவை தாமே மறையும். மிகச் சிலருக்கே இதயத் துடிப்பில் கோளாறு நேரும். ஆகவே கருவிலேயே இதயத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

டிஸ்காய்ட் தழும்புகளை முற்றிலும் நீக்க மருந்தில்லை. நோய் நன்றாக அடங்கியபின் நிறத்துக்கு ஏற்ற பூச்சால் மறைக்கலாம். அக்காள் வகிட்டை இடப்பக்கம் மாற்றி உச்சியை மறைத்துக்கொள்கிறார். மல்லிகைப்பூ வைத்தால் யாருக்கும் தெரியாது என்று சிரிக்கிறார். இப்போது அவர் பட்டப்படிப்பை முடித்துவிட்டார். காலையில் இரண்டு மாத்திரை, கையில் எப்போதும் ஒரு குடை, மூன்று மாதத்திற்கு ஒரு முறை சிறுநீர்ச் சோதனை.

லூபஸ் உள்ள மாணவி ஒருத்தி எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் ஆசிரியைகள் செய்யக்கூடியவை சில உண்டு. காலை வழிபாட்டின்போது அவளை வராந்தாவில் நிற்க விடலாம். சீருடையில் முழுக்கை அனுமதிக்கலாம். உடற்பயிற்சி வகுப்பை அவளுக்கு மட்டும் மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தொப்பி போடக்கூடாது என்ற விதியை அவளுக்குத் தளர்த்தலாம். சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது, மற்றொரு பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. ஆதலால் வெயில் விழும் ஜன்னலோரப் பெஞ்சு அவளுக்கு வேண்டாம். ஜன்னல் மூடியிருந்தாலும் வேண்டாம். சுவரோர இடத்தில் உட்கார வைக்கலாம். பக்கத்தில் யாரும் உட்காரலாம்.